நாற்பத்து மூன்றாவது நிமிடத்துக் காயம்

ஐரோப்பா முழுவதற்குமாகப் புதிதாக ஒரு கோப்பை வந்திருந்தது. பொருட்காட்சி நடத்தும் ஊர்கள் மட்டும்தான் ஆடலாம். ஊருக்கு ஒரே ஒரு அணி. கால்பந்துக்கும் பொருட்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று ஸ்காலினாவில் யாரும் கேட்கவில்லை. மீன்வலையும் ஆலிவ் செக்கும் பரப்பி வருஷத்துக்கு ஒரு தடவை காட்சி நடத்துகிற ஊர் அது, ஆகவே தகுதி தானாக வந்துவிட்டது. சிக்கல் அந்த ஒரே ஒரு அணியில்தான் இருந்தது.

ஊரில் இரண்டு கால்பந்துச் சங்கங்கள். துறைமுகத்துக்காரர்களுக்கு ஒன்று, ரயில்வேக்காரர்களுக்கு ஒன்று. இவர்கள் ரொட்டி வாங்கும் கடையில் அவர்கள் ரொட்டி வாங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் உறவுள்ள வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு பேண்டு வாத்தியம் வரும், இரண்டும் ஒரே நேரத்தில் வாசிக்கும்.

அணியை அமைக்க இரண்டு சங்கமும் சேர்ந்து போட்ட குழு, நாட்டை ஆளும் மார்ஷலின் படத்துக்குக் கீழே ஆறு தடவை கூடியது. ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்கள் என்று முடிவாயிற்று. சட்டை நீலமும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், வெள்ளை. மிச்சம் கோல்கீப்பர். அவனை நெடுக்காகப் பிளக்க முடியாது என்பதை நாலாவது கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதனால் ஆட்டத்தைப் பிளந்தார்கள்: முதல் பாதி ரயில்வேயின் விங்க்கோ, இரண்டாம் பாதி துறைமுகத்தின் ஷிமே.

ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கோல்கீப்பருக்கு அடிபட்டால் மட்டும் இன்னொருவர் இறங்கலாம். ஆகவே விங்க்கோவுக்கு நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் அடிபடும் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. இடது முழங்கால். எந்தக் கால் என்பதற்கும் ஓட்டெடுப்பு நடந்தது. டாக்டர் ஸ்வானே கடமை தவறாதவர்; கடைசி நேர அவசரம் வேண்டாம் என்று திங்கட்கிழமையே சான்றிதழைத் தட்டச்சு செய்து முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். ஆட்டம் புதன்கிழமை.

ஷிமேவுக்கு வயது முப்பத்தைந்து. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். முட்டிகள் இரண்டும் படியேறும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிட்டன, இந்த வருஷத்தோடு சரி. பதினெட்டு வருஷமாக அவன் பிடித்ததெல்லாம் பக்கத்து ஊர்க்காரன் அடித்த பந்து. வெளிநாட்டுக்காரன் அடிக்கும் பந்தை ஒரு தடவையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நாற்பத்தைந்து நிமிடம் போதும். அந்த நாற்பத்தைந்து நிமிடமும் விங்க்கோ ஒழுங்காக விழுவதில் இருந்தது, ஷிமேவின் தூக்கம் கெட்டதும் அதனால்தான்.

விங்க்கோ அவனுடைய தங்கை மாரேவின் புருஷன். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. துறைமுகம் ரயில்வேயிடம் ஆறு கோல் வாங்கிய மறுவாரம் குழந்தையின் ஞானஸ்நான விருந்து. அத்தனை பேர் முன்னால் விங்க்கோ பெண்டாட்டியிடம் சொன்னான்: "பிள்ளையை உங்க அண்ணன் கையில குடுக்காதே. விட்டுருவான்." ஊரே சிரித்தது. ஷிமே வறுத்த மத்தியைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். அன்றிலிருந்து மாரே இரண்டு வீட்டுக்கும் தந்தி ஆபீசாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் தந்தி வந்தது. "சொன்னா சொன்னபடி விழுவாராம். ஆனா நாப்பத்து மூணுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியும் விழ மாட்டாராம்."

"அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்துறதை நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லு."

"இதை நான் சொல்ல மாட்டேன் அண்ணா. எனக்கும் வேற வேலை இருக்கு."

புதன்கிழமை மத்தியானம் எதிரணியான டேனிஷ்காரர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். எல்லோரும் உயரம், எல்லோரும் சாந்தம், எல்லோரும் ஒரே சங்கம் மாதிரி ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடினார்கள். இந்தப் பழக்கம் நம்மவர்களுக்குப் புதிது. இங்கே துறைமுகத்துக்காரன் துறைமுகத்துக்காரனுக்குத்தான் கொடுப்பான். சுற்றிலும் ரயில்வேக்காரன் மட்டும் இருந்தால் பந்தை வெளியே உதைத்துவிடுவான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் டேனிஷ் நடு முன்னணி ஆள் விங்க்கோவின் மேல் விழுந்தான். ஆள் கதவளவு இருந்தான். எழுந்து அவன் போய்விட்டான், விங்க்கோ எழவில்லை.

முதலில் ஓடி வந்தது ரயில்வே செயலாளர். "தோழரே, என்ன பண்றீங்க? பன்னெண்டு நிமிஷம்தான் ஆகுது. இன்னும் முப்பத்தோரு நிமிஷம் கிடக்கு, எந்திரிங்க."

துறைமுகத் தலைவர் ரோகோவுக்கு வாயெல்லாம் பல். "அடிபட்டவரைக் கொடுமைப்படுத்தாதீங்க தோழர். ஷிமே, போடா உள்ள."

டாக்டர் ஸ்வானே பையிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தார், கீழே கிடப்பவனைப் பார்த்தார். "காகிதத்துல முழங்கால்னு இருக்கு. இவர் தோளைப் பிடிச்சிட்டுக் கிடக்கிறாரே."

ஷிமே கிட்டே போய்க் குனிந்தான். வலது பக்கம் சட்டைக்கு அடியில் காறை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பதினெட்டு வருஷம் கோலில் நின்றவனுக்கு அதைப் பார்க்க டாக்டர் தேவையில்லை. உள்ளே போனால் எழுபத்தெட்டு நிமிடம் அவனுக்கு, நாற்பத்தைந்துக்கு அல்லாடியவனுக்கு எழுபத்தெட்டு. சந்தோஷம் வந்தது, வந்ததற்காக வெட்கமும் வந்தது.

"நிஜமாவே உடைஞ்சிருக்கு," என்றான்.

"நீ சொல்லத்தானேய்யா செய்வே," என்றார் ரயில்வே செயலாளர்.

விங்க்கோ இடது கையை ஊன்றி எழுந்தான். முகம் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. ஷிமேவைப் பார்த்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னான்: "நாப்பத்து மூணுன்னா நாப்பத்து மூணு. நான் சொல் மாறிட்டேன்னு ஒருத்தனும் பேசக் கூடாது."

ஆஸ்திரிய நடுவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் இரண்டு தடவை கேட்டார், ஆள் மாற்றுகிறீர்களா என்று. இல்லை என்றது ரயில்வே. நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு விசில் ஊதினார்.

ஷிமே பெஞ்சுக்குத் திரும்பவில்லை. கோலுக்குப் பின்னால் போய் வலையோரம் உட்கார்ந்தான். தந்தி ஆபீஸ் தூரத்தில் இருந்ததால் வலையிடம் பேசினான். "அந்தச் செம்பட்டைத் தலையன் இடது பக்கம்தான் அடிப்பான். வெளிய வராதே. காலால தட்டு." வலை பதில் சொல்லவில்லை. ஆனால் விங்க்கோ காலால் தட்டினான்.

முப்பதாவது நிமிடத்தில் ஒரு பந்து உயரமாக வந்து கோலுக்குள் விழுந்தது; விங்க்கோவின் வலது கை எழவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ரயில்வேக்காரன் அடித்த பந்து துறைமுகத்துக்காரன் முதுகில் பட்டு டேனிஷ் கோலுக்குள் போயிற்று. ஊர் ஒற்றுமையின் வெற்றி என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம் வந்தது. மாரே பின்னிய கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஷிமே கோட்டருகே நின்றான். சொன்ன சொல் தவறாமல் விங்க்கோ விழுந்தான். பந்து மறுகோடியில் இருந்தது, இருபது மீட்டருக்குள் ஈ காக்கை இல்லை. உடைந்த எலும்பை விட்டுவிட்டு இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

டாக்டர் ஓடிப் போய், நடுவர் கேட்பதற்கு முன்பே சான்றிதழை நீட்டினார். நடுவருக்கு நம் பாஷை தெரியாது. எண்கள் தெரியும். தட்டச்சில் 43 இருந்தது, முத்திரையில் திங்கட்கிழமைத் தேதி இருந்தது. இரண்டையும் நிதானமாகப் படித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஷிமேவைப் பார்த்து விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அவ்வளவுதான். பதினெட்டு வருஷமும் அந்த விரலோடு போயிற்று. ஷிமேவுக்கு அழுகை வந்தது. பதினோராயிரம் பேர் முன்னால் அழ வேண்டாம் என்று நடந்து போய் கோலுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதிக்கு அணிகள் பக்கம் மாறியதும் அவனும் எழுந்து மறுகோடிக் கோலுக்குப் பின்னால் போய்ப் படுத்து, தலையை மட்டும் தூக்கிக் கடைசிவரை கத்தினான். "வலது. ஒரு எட்டு முன்ன. இப்ப நில்லு. குனியாதே, அவன் ஏமாத்துறான்." எழுபதாவது நிமிடத்தில் டேனிஷ்காரர்களுக்குப் பெனால்டி. செம்பட்டைத் தலையன் வந்து நின்றான். "இடதுடா, இடது, கண்ணை மூடிட்டு விழு," என்றான் ஷிமே. விங்க்கோ இடதுபுறம் விழுந்தான், பந்து நல்ல கையில் பட்டு வெளியே போயிற்று. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது.

குழு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கூடிவிட்டது. துறைமுகத்துக்குச் சேர வேண்டிய நாற்பத்தைந்து நிமிடத்தை ரயில்வே களவாடிவிட்டது என்றார் ரோகோ. அடுத்து ஷிமேவைப் பிடித்தார். "அந்தக் கட்சி கோல்கீப்பருக்கு வழி சொல்லச் சொல்லி உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?" ஆட்டத்தாளில் ஷிமேவின் பெயர் எங்குமே இல்லை என்பதை ரயில்வே செயலாளர் மகிழ்ச்சியோடு வாசித்துக் காட்டினார். ஷிமே கதவைத் திறந்து உள்ளே போனான்.

விங்க்கோ கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் மாரே, மடியில் குழந்தை.

"ரெண்டாவது பாதி கோல்ல நின்னது நீதான் மச்சான்," என்றான் விங்க்கோ. "கை மட்டும் என்னோடது. அதுவும் ஒண்ணுதான்."

மாரே பழக்கத்தில் அதை அண்ணனிடம் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"உள்ள போன அந்த ஒண்ணு?" என்று கேட்டான் ஷிமே.

"அது முதல் பாதி. நான் விட்டது." விங்க்கோ தலையைத் திருப்பினான். "மாரே, பிள்ளையை உங்க அண்ணன் கையில குடு."

ஷிமே மத்தியானம் மாட்டிய கையுறையை இன்னும் கழற்றியிருக்கவில்லை. அதோடேயே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.