மீசையும் சேர்ந்து போன சனிக்கிழமை

சங்ககிரியில் ஊருக்குள்ளேயே ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஒரே ஆள் நான்தான். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருமுறை நிறுத்தி, “உங்கள மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லீங்க” என்று கைகொடுத்தார். சட்டத்தின் மேல் எனக்கு அத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டார் மனிதர். உச்சந்தலையில் ஒரு தோசை அளவுக்கு முடி இல்லை, அதுதான் விஷயம்.

என் பெயர் செங்கோட்டுவேல். வயது முப்பத்தெட்டு. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். இதுவரை பதினேழு பெண் பார்த்தாகிவிட்டது. பெண் வீட்டுக் கூடத்தில் ஹெல்மெட்டோடு உட்கார முடியாதில்லையா, அதனால் முடி மாதிரியே தெரிகிற ஒரு கறுப்புப் பொடியைத் தலையில் தூவிக்கொண்டு போவேன். பதினைந்தாவது வீட்டில் கரண்ட் போய்விட்டது. சித்திரை மாத வெயில். வேர்த்து ஊற்றி, பஜ்ஜியைக் கடிக்கும்போது நெற்றியிலிருந்து மூக்குவரை கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. பெண்ணின் சித்தப்பா கைக்குட்டையை நீட்டினார். அந்தக் கைக்குட்டையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, எப்படிக் கொடுப்பது.

பதினெட்டாவது பெண் மல்லசமுத்திரத்து மைதிலி. துண்டு, போர்வைக்கெல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போனில் பேசினோம். கடையில் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு அதுதானே தெரியும், பிரேக் லைனிங்கைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டேன். போனை வைத்திருப்பாள் என்று நினைத்தேன். “மழையில நனஞ்சா அது பிடிக்குமாங்க?” என்று சந்தேகம் கேட்டாள். என் வாழ்க்கையில் பிரேக் லைனிங்கைப் பற்றிச் சந்தேகம் கேட்ட முதல் பெண் அவள்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும்.

சிக்கல் என்னவென்றால் தரகர் அவள் வீட்டுக்குக் கொடுத்த போட்டோ பதினோரு வருடத்துக்கு முந்தையது. அதில் என் தலையில் சீப்பு மாட்டி நிற்கும், அவ்வளவு முடி. மற்ற பதினேழு பேர் வேண்டாம் என்றபோது போனால் போகிறது என்று இருந்துவிட்டேன். இவள் மட்டும் சொல்லிவிடக்கூடாதே என்று இருந்தது. ஆனால் இவளிடமும் பொடியைத் தூவிக்கொண்டு போய் உட்கார மனசு கேட்கவில்லை. உள்ளதைக் காட்டிவிடுவது, பிறகு அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது. மிச்சம் இருந்த முடியை எடுத்துவிட்டால் ஒழிந்தது.

சலூனுக்குப் போகவில்லை. போய் உட்கார்ந்தால் அரை மணியில் ஊருக்கே தெரியும், மல்லசமுத்திரத்துக்கு ஒரு மணியில் தெரியும். மைதிலிதான் முதலில் பார்க்கவேண்டும். ஆன்லைனில் ஒரு ரேசர் வாங்கினேன். பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. நல்ல எஃகு, அடிப்பிடியைத் திருகினால் தலை இரண்டாகத் திறக்கும், நடுவில் ஒற்றை பிளேடு. கையில் எடுத்ததும் ஒரு நல்ல ஸ்பேனரை எடுத்த திருப்தி.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. வீட்டில் நான் மட்டும்தான். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அப்பா சின்னுசாமி கண் ஆபரேஷன் முடிந்து மேட்டூரில் அக்கா வீட்டில் இருந்தார், பெண் பார்க்கப் போவதற்காக ஞாயிறு காலை வந்துவிடுவார். குளியலறைக் குழாய் மேல் போனைச் சாத்திவைத்து, தலை மழிப்பது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கிற வீடியோவை ஓடவிட்டேன். வெந்நீர் ஊற்றி, பிரஷ்ஷால் நுரை போட்டு, உச்சியிலிருந்து முன்பக்கமாக முதல் இழுப்பு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ரேசரின் கனமே போதும், கையால் அழுத்தாதீர்கள் என்று அந்த ஆள் படித்துப் படித்துச் சொன்னார். இருபது வருடமாக நட்டு முறுக்கிப் பழகின கை கேட்குமா. காதுக்கு மேலே ஒரு இடத்தில் அழுத்திவிட்டேன். ரத்தம் வந்தது. பதறித் திரும்பியதில் முழங்கை பட்டு, போன் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தோடு வாளியில் விழுந்தது.

மீதியை விரலை வைத்தே பார்த்துச் செய்தேன். பின்மண்டையில் இடது கையால் தடவிக்கொண்டே போனால் சொரசொரப்பு எங்கே என்று தெரிந்துவிடும். காதை முன்னால் மடித்துக்கொள்ள வேண்டும். பிடரிப் பக்கம் மட்டும் முடி கீழிருந்து மேலாக வளர்ந்திருக்கிறது, முப்பத்தெட்டு வருடம் என்னோடேயே இருந்தும் இது எனக்குத் தெரியாது. முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாக இருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தலை இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது மீசை ஓரம் பிசிறாக இருக்கிறதே என்று ரேசரை வைத்தேன். வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. சரிப்படுத்த இடது பக்கம் எடுத்தேன், அது அதைவிடக் கூடுதலாகப் போனது. இரண்டு பக்கமும் மாறி மாறி எடுத்ததில் மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சியது. அதையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பழனிக்கோ திருச்செங்கோட்டுக்கோ வேண்டிக்கொண்டவன் மொட்டை போட்டாலும் மீசையைக் கையால் மறைத்துக் காப்பாற்றிக்கொள்வான். அப்பாவைப் பறிகொடுத்தவன்தான் தலையோடு மீசையையும் சேர்த்து எடுப்பான். இது தெரியாதவன் ஊரில் கிடையாது. எனக்கும் தெரியும். அன்றைக்கு மைதிலி நினைப்பில் சுத்தமாக உறைக்கவில்லை.

போனைத் துடைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, காயத்துக்குப் படிகாரம் வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு நடந்தேன், பல வருடத்துக்குப் பிறகு ஹெல்மெட் இல்லாமல். எதிரில் வந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார். மெடிக்கல் ஷாப் ஆண்டியண்ணன் கல்லாவை விட்டு வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “தைரியமா இருங்க சாமி” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு மனுசனுக்கு முடி போனால் இப்படியா துக்கப்படுவார்கள்? ஊரில் வழுக்கை விழுந்தவனே கிடையாதா? படிகாரத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். வழியில் தரகர் மொபெட்டை நிறுத்தி என்னையே வாய் பிளந்து பார்த்தார். அவரோடும் பேசவில்லை. அவர் அதற்கப்புறம் எனக்குப் பத்து தடவை போன் போட்டிருக்கிறார். அது அரிசிக்குள் கிடந்தது. கடையும் சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பெரியவர் தவறிவிட்டார், மேட்டூரிலேயே அடக்கமும் முடித்துவிட்டார்கள் போல என்று அவரே கணக்குப் போட்டு, மல்லசமுத்திரத்துக்குச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது மைதிலி. போட்டோவில் பார்த்த முகம்தான், சந்தேகமே இல்லை. பக்கத்திலிருந்து அவள் அப்பா கண்ணுசாமி இறங்கினார். பின்சீட்டிலிருந்து அவள் அத்தை சென்னியம்மாள் கையில் பெரிய மாலையோடு இறங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். துக்க வீட்டில் பெண்களைக் கட்டிப்பிடித்து அழுவதுதான் வழக்கம். என் வீட்டில் பெண்கள் யாரும் இல்லாததால் வாசல் கேட் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இஸ்திரியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் போய்ப் பார்க்கவேண்டியவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளைக்கு முடி இல்லை என்று தெரிந்து பெண் வீட்டார் மாலையோடு வந்து அழுததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கண்ணுசாமி என் கையைப் பிடித்தார். “சம்பந்தம் ஆகுதோ இல்லியோ, துக்கத்துக்கு வராம இருக்கக் கூடாதுங்க. உங்கப்பா எப்பத் தவறுனாருங்க?”

“எங்கப்பாவுங்களா? பஸ்ஸ உட்டு எறங்கி ஆட்டோவுல வந்துட்டிருப்பாருங்க.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். என்னை மெதுவாக வாசலில் கிடந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் மைதிலியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்போது ஆட்டோ வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மஞ்சப் பையோடு அப்பா இறங்கினார். காரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அடடே, பொண்ணூட்டுக்காரங்களா. நாங்க அங்க வாரதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்களே. மாலையெல்லாம் எதுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே அத்தைக்கு முன்னால் கழுத்தை நீட்டினார்.

சென்னியம்மாளின் அழுகை பாதியில் நின்றது. மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். அப்பா கழுத்தை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்றா இது கோலம்? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

என் கை தானாக மூக்குக்குக் கீழே போனது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆட்டோக்காரர், ஆண்டியண்ணன், தரகர், மாலை, எல்லாம். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. பழனிக்கு வேண்டுதல், மீசை தவறிப் போய்விட்டது என்றால் நம்பியிருப்பார்கள். மைதிலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வரவில்லை.

“எனக்கு முடி இல்லீங்க” என்றேன். “நீங்க பாத்த போட்டோ பதினோரு வருசத்துக்கு முந்துனது. இன்னைக்கு உங்க ஊட்டுக்கு வாரப்ப உள்ளபடி வரோணும்னு நானே வழிச்சுட்டேனுங்க. மீசை கை தவறிப் போச்சு. செத்தது யாருமில்லீங்க.”

கண்ணுசாமி முகம் சிவக்க எழுந்துவிட்டார். உயிரோடு இருக்கிற சம்பந்தியின் படத்துக்குப் போட மாலை கட்டிக்கொண்டு வந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். “பழைய போட்டோவக் குடுத்து ஏமாத்தியிருக்கறீங்க. பொய்யில ஆரம்பிக்கற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாமுங்க. எந்திரி மைதிலி, போலாம்.”

மைதிலி எழுந்திருக்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

“வேற போட்டோ அனுப்பியிருக்கலாமல்லங்க? ஏன் அனுப்பல?”

“பயமுங்க.”

“எதுக்குப் பயம்?”

“வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்கன்னு. மத்தவங்க சொன்னப்பல்லாம் போனாப் போகுதுன்னு இருந்தேன். உங்ககிட்டப் பேசுன பொறவு அப்படி இருக்க முடியலீங்க.” அப்பா இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. காது மடல் வரைக்கும் சுட்டது. முடி இருந்திருந்தால் இவ்வளவு வெளியே தெரிந்திருக்காது.

அவள் கையிலிருந்த கார்ச் சாவியை மடியில் வைத்தாள். “எனக்கு எத்தன வயசுன்னு உங்களுக்குச் சொன்னாங்க?”

“இருபத்தொம்போதுங்க.”

“மைதிலி” என்றார் கண்ணுசாமி. குரல் இறங்கியிருந்தது.

“அஞ்சு வருசமா எனக்கு இருபத்தொம்போதுதானுங்க” என்றாள் அவள். “முப்பத்துநாலு முடியப்போகுது. ஜாதகத்துல வருசத்த மாத்தித்தான் குடுத்தாங்க. ஒவ்வொருத்தர் முன்னாலயும் காப்பி கொண்டாந்து வெக்கறப்ப கை நடுங்குமுங்க, கண்டுபுடிச்சுருவாங்களோன்னு.”

நின்றுகொண்டிருந்த கண்ணுசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் மண்டையைப் பார்த்தார், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மகளுக்கு எப்படியாவது ஒரு இடம் அமையாதா என்று செய்ததுதானே.

அப்பாதான் பேசினார். “எனக்குச் சக்கரையில்லாம ஒண்ணு. மத்தவங்களுக்குப் போட்டுக்கலாம். போடா, டீ வெய்யி.”

நான்தான் டீ வைத்தேன். பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்தே பழகினவன், அன்றைக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மைதிலி எடுத்துக்கொள்ளும்போது டம்ளர் ஆடியது. ஆட்டியது என் கைதான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

டீ குடித்து முடித்தார்கள். அப்பாவின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணுசாமி எழுந்தார், அத்தை எழுந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்கு அந்தக் காரணத்துக்காக மறுபடி வரக்கூடாதில்லையா. வந்த காரியத்தின் முறைப்படியே அவர்கள் போகிறார்கள். பதினெட்டும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மைதிலி கார்க் கதவைத் திறந்து சாவியைச் சீட்டில் போட்டாள். ஏறப்போனவள் கதவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, அப்பாவைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“போயிட்டு வாரேனுங்க” என்றாள்.

“வாங்க” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.