ஒட்ட வெட்டிய ஜெரேனியம்

சிக்கமோர் மரத்தடி நிலத்தை எஸ்டேட்டிலிருந்து கேட்டபோது ஹெஸ்டர் பிரீஸ் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆறு வீட்டு வரிசையின் கோடியில், அவள் வாசலுக்கு எதிரே இருந்தது அந்தத் துண்டு. வீடும் எஸ்டேட்டுடையது, மண்ணும் எஸ்டேட்டுடையது. ஒன்றும் முளைக்காத இடத்தில் சரளை கொட்டினால் நாலு கார் நிறுத்தலாமே என்றார்கள். முளைக்க வைக்கிறேன் என்றாள் இவள். அடுத்த ஜூலைக் கடைசியில் வந்து பார்ப்போம், வெறும் மண்ணாக இருந்தால் சரளைதான் என்று கடிதம் வந்தது.

அக்டோபரில் செட்ரிக்கின் நாற்றுப்பண்ணைக்குப் போனாள். அவன் வழக்கம்போல முன்வரிசையில் இருந்த நீலப்பூச் செடியைத்தான் எடுத்து நீட்டினான். குளிர் தாங்கும் ஜெரேனியங்களில் அதற்கு மிஞ்சியது இல்லையாம், பனி விழும் வரை பூக்குமாம், ஊரே அதைத்தான் வாங்குகிறதாம்.

"ஊருக்கு வெயில் இருக்கு, செட்ரிக். எனக்கு அந்த மரந்தான் இருக்கு. இருக்கிற தண்ணியெல்லாம் அதுவே குடிச்சிடுது."

நிழலுக்கு என்று இன்னொன்றைக் கொண்டுவந்தான். இலையைக் கசக்கி மோந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்க வில்ஃப் முட்டிக்குத் தேய்ச்ச தைலம் மாதிரியே இருக்கு. முப்பது வருஷம் மோந்தாச்சு, போதும்."

கொட்டகையின் பின்புறம், யாரும் கேட்காத தொட்டிகள் கிடந்தன. வேர்களுக்கு நடுவிலேயே இடம் பிடித்துக்கொள்ளும் ஜாதி. பூ சின்னது, கிட்டத்தட்ட கறுப்பு. அதன் பெயரைச் சொல்லச் செட்ரிக் தயங்கினான். 'துக்கம் காக்கும் விதவை' என்பார்கள். அவள் கணவன் வில்ஃபை அடக்கம் செய்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"பேரு எனக்கும் தெரியும். அறுபது குடு" என்றாள் ஹெஸ்டர்.

கடப்பாரையால் வேர்களுக்கிடையே குழி நெம்பி, ஒரு வாரம் நட்டாள். மே மாதத்தில் பூத்தது. ஒயின் கொட்டிய மேஜைவிரிப்பு மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டு மேவிஸ் குறை சொன்னாள். தேனீக்களுக்கு அந்தக் குறை இருக்கவில்லை.

ஜூன் முடிவில் பூ ஓய்ந்து, இலை பழுத்துப் பூஞ்சை பிடித்தது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கத்திரியை எடுத்துத் தரையோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். மூன்றே வாரத்தில் புது இலை மெத்தென்று மூடிக்கொள்ளும். ஜூலைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்றாம் தேதி அறுபதையும் வெட்டினாள். ஆறாம் தேதி கடிதம் வந்தது. ஏஜென்டுக்கு வேறு வேலை இருப்பதால் ஒன்பதாம் தேதியே வருகிறாராம்.

எட்டாம் தேதி சாயங்காலம் மேவிஸ் தள்ளுவண்டியில் நாலு தட்டு நிறையப் பூத்து நின்ற பெகோனியாத் தொட்டிகளைக் கொண்டுவந்தாள். தொட்டியோடு மண்ணில் இறக்கிவிடலாம், அவன் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை.

"வேணாம், மேவிஸ்."

"ஏடி, வீம்புக்கு நிலத்த விட்டுடாத. அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. இரவல் பூவ வச்சு நிலத்தக் காப்பாத்தினா, இங்க ஒண்ணும் முளைக்காதுன்னு அவங்க சொன்னத நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

மறுநாள் வந்த ஏஜென்ட் ஆல்ட்ரிட்ஜ் முப்பது வயதுக்காரன். பளபளக்கும் ஷூ, கையில் ஒரு டேப்லெட். புழுதியையும் அடிக்கட்டைகளையும் பார்த்தான். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"இங்க ஒண்ணுமில்லையே, மிஸஸ் பிரீஸ்."

"பிடுங்கிப் பாருங்க."

குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். விரலில் பச்சைதான் ஒட்டியது. ஹெஸ்டர் உள்ளே போய் மண் கிளறும் முட்கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முட்டி போட்டுத்தான் தோண்ட வேண்டியிருந்தது. கட்டைவிரல் பருமனில் கிழங்கு ஒன்று பெயர்ந்து வந்தது. அதன் தலையில் விசிறி மடித்த மாதிரி குட்டி இலைகள், வெளியே வரக் காத்திருந்தன. அவன் கையிலிருந்து அதை வாங்கி இரண்டாக உடைத்தாள், இரண்டையும் நட்டாள், குதிகாலால் மிதித்து இறுக்கினாள்.

"இப்ப அறுபத்தொண்ணு."

டேப்லெட்டில் இருந்த படிவத்தில் 'தோட்டம்', 'வெற்று நிலம்' என்று இரண்டே கட்டம் இருப்பதாக அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஜூலைக் கடைசின்னு எழுதிக் குடுத்தது உங்க ஆபீஸ். கடிதம் உள்ள இருக்கு. இன்னைக்கு வெற்று நிலம்னு போட்டீங்கன்னா, சரளை லாரி வர்ற அன்னைக்கு நான் நாற்காலி போட்டு இந்த நடுவுல உக்காந்திருப்பேன். என் மேலதான் கொட்டணும்."

அவன் எந்தக் கட்டத்தையும் அழுத்தவில்லை. முட்டியில் ஒட்டிய மண்ணோடு காரில் ஏறினான்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தபோது மரத்தடியில் மண்ணே தெரியவில்லை. ஆல்ட்ரிட்ஜ் நின்று பார்த்துவிட்டு, 'தோட்டம்' என்பதை அழுத்தி, அவளிடம் திருப்பிக் காட்டினான். தன் அம்மாவுக்கு அந்தச் செடியில் ஒரு துண்டு கிடைக்குமா என்றும் கேட்டான்.

"அக்டோபர்ல வாங்க, பிரிச்சுத் தரேன்" என்றாள் ஹெஸ்டர். "இப்ப அந்தக் காலைக் கொஞ்சம் எடுங்க. செடிய மிதிக்கிறீங்க."