பொய் பொறுக்காத நெருப்பு

மழைக்காலத் தொடக்கத்தில் நெருப்பு ஏரிக்கரைக் குகைக்குள் தானாக நடந்து வந்து, யேபாவின் காலடியில் உட்கார்ந்தது. நனையாமலிருக்க வந்திருக்கும் என்று நினைத்தார்கள். முந்தைய மழைக்கு ஒரு காட்டுப்பன்றியும் இப்படித்தான் ஒதுங்கியது, அதைத் தின்றுவிட்டார்கள். இதைத் தின்னப் போனவர்களுக்கு உதடு வெந்தது. அதற்குப் பசியோ என்று ஒருவன் வரிக்குதிரைத் தொடையைப் போட்டான். நெருப்பு அதை மிருதுவாக்கிக் கொடுத்தது. மென்று துப்பியிருக்கிறது என்று குகை முடிவுசெய்தது.

அங்கே பல் போனவர்களுக்கு மருமகள்கள்தான் இறைச்சியை மென்று கொடுப்பார்கள். மெல்லும்போது வாயில் தங்குவதே அவர்கள் பங்கு. தலைவரான மாமனார் கொருமுக்கு மென்று மென்று யேபாவின் தாடை வீங்கியிருந்தது.

"இனிமே நெருப்பே மெல்லட்டும்" என்றார் கொரும்.

"அப்ப என் பங்கு, மாமா?"

"மெல்லாதவளுக்கு எதுக்கு பங்கு?"

தாடை வீக்கம் வடிந்தது. வயிறும் ஒட்டியது.

அக்கரைக் கூட்டத்தார் விருந்துக்கு வந்தபோது, நெருப்பு வந்த கதையைச் சொல்லக் கொரும் எழுந்து நின்றார். "மின்னலோட வாலைப் புடிச்சேன்" என்றார். நெருப்பு ஒரு சாண் குறைந்தது. "தரதரன்னு இழுத்தாந்தேன்." இன்னும் குறைந்தது. "விட்டுருங்கன்னு அழுதுச்சு" என்றதும் அணைந்துவிட்டது.

விருந்தாளிகள் மரியாதைக்குப் பச்சை இறைச்சியைக் கடித்தார்கள். கொரும் தன் துண்டை மருமகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. சாம்பலின் பக்கம் குனிந்தாள்.

"நீயாத்தான் வந்தே. இங்க எவனும் ஒண்ணும் புடுங்கல."

நெருப்பு எழுந்தது.

அதன்பின் அணையும்போதெல்லாம் மற்றவர்களும் முயன்றார்கள். "நீயாத்தான் வந்தே, ஆனா மொதல்ல பாத்தது நான்" என்று எதையாவது சேர்த்துவிடுவார்கள். புகைதான் வந்தது. வேறு வழியில்லாமல் கொழுத்த துண்டை யேபாவுக்கு ஒதுக்கினார்கள்.

கொரும் கதையை விடவில்லை. வெளியே போய்ச் சொன்னார். முதலில் பாறைகளுக்கு, பிறகு மகன்களுக்கு, கடைசியில் மொத்தக் கூட்டத்துக்கும். அவர் செத்தபின் மூத்த மகன் சொன்னான். அவன் கதையில் மின்னலுக்குக் கொம்பும் முளைத்தது. மழை கொட்டியது. நனைந்தபடி கதை கேட்ட குழந்தைகள் இருமின. யேபா கொழுப்பு வழியும் விரலை நக்கியபடி வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

"நனையாதீங்கடா, உள்ள வாங்க. சூடா இருக்கு."

"இரு சித்தி" என்றான் ஒருவன், பல் கிடுகிடுக்க. "இப்பத்தான் தாத்தா வாலைப் புடிக்கிறாரு."