ரிஸ்மியாவின் ஏழு நோன்பு

அந்தக் கடையில் சுவரைப் பார்த்து உட்காரும் மேசை ஒன்றுதான் உண்டு. வெள்ளவத்தையில், என் அலுவலகத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கும் சைவக் கடை. மதியத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அங்கே வருவது குறைவு. அதற்காகத்தான் போனேன். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோது போன் அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி, என் மனைவி ரிஸ்மியாவின் உம்மா.

“மகன், நோன்பு எப்பிடி ஈக்கி? வெயிலும் கடுமை.”

விழுங்கினேன். “நல்லா ஈக்கி மாமி.”

“கொரல் அடைச்சாப்போல ஈக்கி. வெளிய திரிய வாணாம் மகன். நிழல்ல ஈங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பரிமாறும் காளியப்பன் ரசவாளியோடு நிற்கிறார். முடிந்துபோன றமழானில் தினமும் மாலை நாலரைக்கு இவரிடம்தான் உளுந்துவடை பார்சல் வாங்குவேன். “வாசம் புடிச்சா நோம்பு போயிருமா தம்பி? மூக்கப் பொத்திக்கங்க” என்று சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டுப் போனார்.

ஜனவரியில் டெங்கு. காய்ச்சல் தொடங்கிய ஐந்தாம் நாள் ரிஸ்மியா மௌத்தாகிவிட்டாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம். போன வருட றமழானில், எல்லாப் பெண்களுக்கும் விடுபடும் அந்த நாட்களில், அவளுக்கு ஏழு நோன்பு விடுபட்டது. பெருநாள் முடிந்த கையோடு பிடித்துவிடுவதாக இருந்தாள். நான்தான் தடுத்தேன். “நீ பிடிச்சா நான் தனியத் தின்ன வேணும். பொறகு பிடியேன்.” அப்போது நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். அவள் சிரித்தாள். தள்ளிப்போட்டாள். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

மௌத்தானவருக்கு விடுபட்ட நோன்பை நெருங்கிய உறவு பிடிக்கலாம், இல்லையென்றால் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னார். மாமிக்குச் சாப்பாடு கொடுப்பது போதவில்லை. “நான் பெத்த புள்ள. நான்தான் புடிப்பேன்” என்று நின்றார். மாமி இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடுகிறவர். நோன்பு பிடிக்கவே கூடாதென்று டொக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். அதனால் நான் சொன்னேன்: “நீங்க வாணாம் மாமி. நான் பிடிக்கிறேன். என்னாலதான் விடுபட்டிச்சி.” மாமி என் தலையைப் பிடித்து நெற்றியில் கொஞ்சினார்.

சொன்னபோது பொய் சொல்லவில்லை. இந்த றமழானில் முப்பதையும் பிடித்தவன் நான். இரவுத் தராவீஹ் தொழுகை ஒன்றும் விடவில்லை. குர்ஆனை ஒரு தடவை ஓதி முடித்தேன். “ஸாலிஹுக்கு அல்லாஹ் நல்ல பொறுமையைக் குடுத்தீக்கான்” என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். பொறுமை இல்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தத்தில் எழும்பினேன். எல்லோரும் பள்ளிக்கு நடந்தார்கள், நானும் நடந்தேன். பெருநாள் கழிந்த பிறகு பக்கத்து வீட்டில் சத்தமில்லை.

முதல் நாள் சஹருக்கு எழும்பித் தண்ணீர் குடித்து, நோன்பு பிடிப்பதாக நிய்யத்தும் வைத்தேன். மதியம் ஒரு மணிக்கு அலுவலக மேசையை விட்டு எழுந்து இந்தக் கடைக்கு நடந்தேன். பசியில்லை. பசியென்றால் சொல்லவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். நாளைக்குப் பிடிப்போம் என்று நினைத்துக்கொண்டே தின்றேன். அன்று அந்தி மஃரிபுக்குப் பிறகு, நோன்பு திறந்தாச்சா என்று மாமி கேட்டார். “ஓம், திறந்திட்டேன்” என்றேன். அதற்கடுத்த நாளும் அதுதான்; மூன்றாம் நாள்தான் கடையில் அந்தப் போன் வந்தது.

நாலாம் நாள் காளியப்பன் இலையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டே நின்றார்.

“தம்பி, நேத்து போன்ல நோம்புன்னீங்க. காதுல விழுந்துருச்சு. எல போடவா, வேணாமா?”

“போடுங்க.”

“எனக்கென்னங்க, யாவாரம்” என்று போட்டார். மற்ற மேசைகளுக்கு இலையைத் துடைத்துப் போடுவார். எனக்கும் துடைத்துத்தான் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாணும் சம்பலும் தின்றேன். மூன்றாம் மாடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஏழாம் நாள் மாமி கூப்பிட்டார். “கடைசி நோன்ப இங்க வந்து தொறங்க மகன்.”

போகாமலிருக்க ஒரு காரணம் யோசித்தேன். கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் கஞ்சி வாசம். றமழான் முடிந்த பிறகும் எனக்காகக் காய்ச்சியிருந்தார். ரிஸ்மியாவின் தங்கை ஷிம்னா கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். “மச்சான் மெலிஞ்சு போயிட்டீங்க” என்றாள். மாமி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். புதிதாகத் துவைத்த சல்வார். முகம் தெளிந்திருந்தது.

“இந்தக் கெழமதான் மகன் எனக்கு நித்திர வந்த. அவள்ட பாரம் எறங்கினாப்போல.”

பள்ளியில் மஃரிப் பாங்கு தொடங்கியது. மாமி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, விதையை நீக்கி, என் உள்ளங்கையில் வைத்தார்.

“பிஸ்மி சொல்லித் தொறங்க.”

கையை வாய்வரை கொண்டுபோனேன்.

“மாமி, நான் பிடிக்கல்ல.”

“இண்டைக்கா?”

“ஒரு நாளும் பிடிக்கல்ல.”

அடுப்படியில் எண்ணெய் பொரிந்தது. மாமி என்னைத் திட்டுவார் என்று பார்த்திருந்தேன். திட்டினால் நல்லது.

“அப்ப பசி இல்ல” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கஞ்சிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பீங்கான் தட்டால் மூடினார்.

“நாளைலேந்து நான் பிடிக்கிறேன் மாமி. வல்லாஹி, சத்தியமா.”

மாமி எழும்பினார். ப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“ஷிம்னா, சஹர் முடியிறது எத்தின மணிக்கு?”

ஷிம்னா எண்ணெய்க் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். மாமியைப் பார்த்தாள், பிறகு என்னை. பாங்கு முடிந்திருந்தது. பேரீச்சம்பழம் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.