இருபதாவது அட்டை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் திருட்டுத்தனத்தில் பிறந்தது.

ராயபுரத்தில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஜெராக்ஸ், லேமினேஷன். நடுநடுவே கதை எழுதுவேன். அதில் சோறு கிடைக்காது. போன டிசம்பரில் ஒரு சர்ச் சபையார் வாக்குத்தத்த அட்டை அடிக்கக் கொடுத்தார்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்கென்று தந்த வாக்கு. ஒரு தாளுக்கு இருபது அட்டை. கடைசித் தாளுக்கு அவர்கள் அனுப்பியதோ பத்தொன்பது வசனம். போன் போட்டேன், எடுக்கவில்லை. பிரஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. நானே ஒன்றை எழுதி நிரப்பினேன்:

"நீ நிற்கிற தரை அசைந்தாலும், உன்னைப் பிடித்திருக்கிற என் கை அசையாது."

கீழே ஏதோ ஓர் அதிகார எண்ணையும் போட்டேன். வேதத்தில் எங்கே தேடினாலும் அந்த வரி கிடையாது. பரவாயில்லையே, நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷம் வேறு பட்டேன், வெட்கங்கெட்டவன்.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சபையைச் சேர்ந்த சாண்ட்ரா அந்த அட்டையை லேமினேஷன் போட எடுத்து வந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "எண்ணூர் சாலையின் காலைப் புழுதியில் அவள் ஒரு—" வேண்டாம். புழுதியைப் பற்றி யாருக்கு அக்கறை?

இரண்டாவது: "கணவனை இழந்த சாண்ட்ரா—" இதுவும் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி அடித்த கை, பழக்கதோஷம். (அவள் புருஷன் வேதமாணிக்கத்துக்கு நான்தான் அடித்தேன். டிரெய்லர் ஓட்டியவன். போன வருஷம் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான்.)

மூன்றாவது, இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

மூன்று வாரத்துக்கு முன்னால், கன்டெய்னர் யார்டில், அறுபதடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் சாண்ட்ரா உட்கார்ந்திருந்தாள். அந்த யார்டில் கிரேன் ஏறுகிற ஒரே பெண் அவள்தான். கீழே நாற்பதடிப் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று உலகம் இடது பக்கமாகச் சுழன்றது. பெட்டியை இறக்கச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்த நிலவன் மூன்று நிலவனாகத் தெரிந்தான். கண்ணை மூடினால் இன்னும் சுழன்றது. கண்ணாடியில் செருகியிருந்த அட்டையைப் பார்த்தாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அசையாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். சுழற்சி அடங்கும்வரை லீவரைத் தொடாமல் இருந்து, பிறகு பெட்டியை மெல்ல இறக்கி வைத்தாள். ஒன்றும் தெரியாத நிலவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.*

(* இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. எழுதும்போது அல்ல, கடையில் நின்று அவள் சொன்னபோது. கூடவே பயமும். அந்த வரி யாருடையது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.)

"காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுட்டேண்ணா. திங்கக்கெழம போலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. இத்த பிளாஸ்டிக் போட்டுக் குடு, வேர்வைல கலீஜாய்ட்ச்சி." வெள்ளிக்கிழமை கடையில் சாண்ட்ரா சொன்னது இது.

"தல சுத்தறது நின்னுச்சாம்மா?"

"அது பாட்டுக்கு கீது. தரை ஆடினா ஆடட்டும்னு அவரே சொல்லிக்கீறாரே!" அட்டையைத் தட்டிக் காட்டினாள்.

அட்டையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாளும் என் கைக்கு வந்தது. டாக்டர் சீட்டு. காதுக்குள் கோளாறு, ஆறு வாரத்துக்கு உயரத்தில் வேலை கூடாது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அது வாணாம். இத்த மட்டும் போடு."

போகும்போது கடை ஷட்டர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவியபடியே நடந்தாள்.

3

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கொரு சந்தேகம்; உங்களுக்கும் வந்திருக்கும். வேதம் வாசிக்கிறவள் அந்த எண்ணைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டாளா? மாட்டாள். வாக்குத்தத்த அட்டையை யாரும் சரிபார்ப்பதில்லை. கொடுத்தவர் ஆண்டவர். சரிபார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

சந்தேகப்பட வேண்டியது என்னைத்தான். உண்மையைச் சொன்னால், புருஷன் போன பிறகு அவள் நின்றுகொண்டிருக்கிற ஒரே பலகையை உருவிவிடுவேன். சொல்லாவிட்டால், என் வரியை நம்பித் திங்கட்கிழமை ஏறுவாள். கீழே நிலவன் நிற்பான்.

முடிவு (அ): ஏறுகிறாள். தலை சுழல்கிறது. பெட்டி—

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு (ஆ): ஏறுகிறாள், நோய் பறந்துபோகிறது, சபையில் சாட்சி சொல்கிறாள், எல்லோரும் அல்லேலூயா என்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி வினிதா படித்துவிட்டு, "கீழ நிக்கிறவன் பொண்டாட்டிகிட்ட இத்தப் படிச்சிக் காட்டுவியா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். கேட்டருகே சாண்ட்ராவை நிறுத்தினேன்.

"அந்த அட்டைல இருக்கிறது வேதத்துல இல்லம்மா. நான் எழுதுனது."

முதலில் சிரித்தாள். "இன்னாண்ணா, காலங்காத்தால காமெடி பண்ணிக்கினு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கை கேட்டின் கம்பியைத் தேடியது.

"எங்கியுமே இல்லியா?"

"இல்ல. ஒரு கட்டம் காலியா இருந்துச்சு…"

"காலியா இருந்துச்சின்னு…" கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "எம் புருசன் செத்த வருசம் முட்ஞ்சி மொத மொதல்ல என் கைக்கு வந்தது அது. டெய்லி அத்தச் சொல்லிக்கினுதான் கண்ண மூடுவேன். இன்னா மன்சன்யா நீ?"

நாலு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கம்பியை விடாமலே அவள் கேட்டாள்:

"அன்னிக்கு மேல பெட்டி தொங்கிக்கினு இருந்தப்போ, என்னப் புட்ச்சிக்கினு இருந்தது யாரு? நீயா?"

"நான் கடையில இருந்தேன்."

"அப்போ எழுத்துதான் உன்னுது. கை உன்னுது இல்ல."

நான் கும்பிடாத குறை. "நாளைக்கு ஏறாதம்மா. டாக்டர் சீட்டக் காட்டிடு."

"காட்டுனா வேலை பூடும்."

"ஆண்டவரு உன்ன கைவிட—"

"தே! நீ இன்னொரு வசனம் எழுதாத."

கம்பியை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

5

இந்தப் பகுதியை யார்டின் கம்பி வேலிக்கு வெளியே நின்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை, காலை ஆறேகால். அவசரத்தில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள்.

சாண்ட்ரா வருகிறாள். மூன்று வாரமாகச் சுவரைத் தடவித் தடவி நடந்தவள், இன்று எதையும் பிடிக்காமல் பாதை நடுவே வருகிறாள். (சரியாகிவிட்டதா? வீம்பா? தெரியவில்லை.) என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போகிறாள். உதடு அசைந்துகொண்டிருக்கிறது. சொல்வது என் வரியா, வேதத்தில் உண்மையிலேயே இருக்கிற வரியா, அல்லது வரியே இல்லாத ஜெபமா, எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்பதற்காக அவள் சொல்லவும் இல்லை.

ஏணியடியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஷம்ஷாத் மேடம் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி, மஞ்சள் சட்டையில் நிலவன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். சாண்ட்ரா பையைத் திறந்து இரண்டு பொருளை எடுக்கிறாள். ஒன்று வெயிலில் பளபளக்கிறது, நான் போட்ட லேமினேஷன். அதைக் கண்ணில் ஒற்றி மறுபடி பைக்குள் வைக்கிறாள். மற்றது, மடித்த தாள், கையிலேயே இருக்கிறது. ஏணியின் முதல் படி அவள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அவள் இன்னும் தரையில்தான் நிற்கிறாள்.

ஷம்ஷாத் மேடம் ஏதோ கேட்கிறார். சாண்ட்ரா வாயைத் திறக்கிறாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டவர் வாயில் ஒருமுறை ஒரு வாக்கியத்தை வைத்தவன் நான். இவள் வாயிலும் வைக்க மாட்டேன். போன தடவை ஒரு கட்டம் காலியாக இருக்கப் பொறுக்காமல்தான் இவ்வளவும் வந்தது. இந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறேன். நீங்கள் நிரப்புவதானால், நிலவன் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

[                                        ]