கழுதைக்கு நரியைப் பிடித்திருந்தது

மருந்துக்கடைக்காரருக்குப் பழைய கிரேக்கம் தெரியும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே அகராதியை விரித்துவைத்து, தானாகப் படித்துக்கொண்டது. ஆறு வருடமாக அந்தக் காலத்து மிருகக் கதைகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பெயர்த்து வந்தார். அவருடைய கோழிக் கிறுக்கல் மனைவிக்கு மட்டும்தான் புரியும். அவள்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுப்பாள்.

ஒரு நாள் இருமல் மருந்து வாங்க வந்த பெண்மணி கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் துழாவினாள். அட்டையில் ஒரு நரி. கீழே சகலையின் பெயர்.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்துகிறவர்; கிரேக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கேட்டு வாங்கிப் புரட்டினார் கடைக்காரர். நரியும் கழுதையும் கூட்டாளிகள். சிங்கத்தைக் கண்டதும் நரி தன் உயிருக்காகக் கழுதையைக் குழியில் தள்ளிக் காட்டிக்கொடுக்கிறது. கழுதை இனி எங்கே போகும் என்று சிங்கம் முதலில் நரியைத் தின்கிறது. கடைசியில் ஒரு வரி: ‘கழுதைக்கு நரியை மிகவும் பிடித்திருந்தது.’

அந்த வரி மூலத்தில் கிடையாது. மனசு கேட்காமல் கடைக்காரரே தன் மொழிபெயர்ப்பில் சேர்த்தது. அடித்துவிட வேண்டும் என்று நினைத்து, மனம் வராமல் விட்டுவைத்திருந்தார்.

“சார், மருந்து?” என்றாள் அந்தப் பெண்மணி. அவருக்கு எந்த மருந்து என்பதே மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். மனைவி இரண்டு தம்ளரில் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“புத்தகம் பாத்தேன்,” என்றார் கடைக்காரர்.

சகலை தம்ளரைக் கீழே வைத்தார். “சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணே. வேலை நிரந்தரமாகணும்னா என் பேர்ல ஒரு புத்தகம் வேணும்னாங்க. உங்களுக்கு இது பொழுதுபோக்குதானே?”

“கடைசி வரி மூலத்துல இல்ல. நான் சேத்தது.”

“எல்லாரும் அந்த வரியைத்தான் பாராட்டுறாங்க.”

“மூலத்துலேருந்து நேரா பெயர்த்தேன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்க. கிரேக்கம் தெரிஞ்சவன் ஒருத்தன் கேட்டா?”

சகலையின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. “இன்னும் எங்கெல்லாம் சேத்திருக்கீங்க? சொல்லுங்க அண்ணே, அடுத்த பதிப்புல எடுத்துடறேன்.”

மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்த மனிதருக்குச் சிரிப்புதான் வந்தது. “உங்க புத்தகம். நீங்களே தேடிக்குங்க.”

சகலை காப்பியைக் குடிக்காமலே கிளம்பினார். கதவு சாத்திய பிறகுதான் கடைக்காரருக்கு உறைத்தது: தட்டச்சு செய்த காகிதம் வீட்டு மேசை இழுப்பறையை விட்டு வெளியே போனதே இல்லை. திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

“நான்தான் கொடுத்தேன்,” என்றாள். “தங்கச்சி வந்து அழுதா. வேலை போயிடும்னா.”

கூடவே இருந்து குழி பறித்தவன் சகலை என்றால், அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே.”

“கொடுப்பீங்கன்னு தெரியும். கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு.”

“எப்போ கொடுத்த?”

“போன வருஷம்.”

போன வருடம் முழுக்க அவர் எழுத எழுத அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஓநாய்க் கதைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சகலைக்கு வேலை நிரந்தரமானது. கடைக்காரர் யாருக்கும் புகார்க் கடிதம் போடவில்லை. மைத்துனி குடும்பத்தைத் தெருவில் நிறுத்த மனமில்லை. கதைகளையும் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கடையிலேயே எழுதுகிறார், ஒவ்வோர் எழுத்தாக, யாரும் படிக்கும்படி, நிறுத்தி நிதானமாக.