பில்ஹார்மோனிக் சங்கத்தின் சட்டம்

மகள் லீலாபாயின் சவப்பெட்டிக்கு யேசுரத்தினம் தானே பலகை இழைத்தார். பெற்றவன் செய்யக் கூடாது என்று அண்டை வீட்டார் தடுத்துப் பார்த்தார்கள். "வேற எவன் செஞ்சாலும் மூட்டு வாய் பிளக்கும்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துவிட்டார். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி. நாலு மணிக்கு அடக்கம்.

அடக்கத்துக்குப் பாண்டு வாத்தியம் வருமா? அந்த ஒன்றுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

பாண்டு அவர் தொடங்கியது. மண்டைக்காட்டுக்கு வடக்கே அவருடைய கிறிஸ்தவச் சபையில் பனையேறிகளும் கல்லுடைப்பவர்களுமாக எட்டுப் பேர். பெரிய டிரம் அவருடையது. அதன் தோலில் 'பில்ஹார்மோனிக் சங்கம்' என்று எழுதிக் கொடுத்தவள் மிஷன் மதாம்மா. அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

"கிரேக்கச் சொல். முன்பாதி நேசம். பின்பாதி உம்முடைய பட்டறையில் பிறந்தது மேஸ்திரி. கப்பலுக்குப் பலகையோடு பலகை பொருத்துவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். சுருதியோடு சுருதி சேர்வதற்கு அப்புறம்தான் வந்தது."

அன்றிலிருந்து யேசுரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. தச்சனின் சொல் அல்லவா! நேசத்தை விட்டுவிட்டுப் பொருத்துவதைப் பிடித்துக்கொண்டார். சபை விலக்கியவனின் சாவுக்குப் பாண்டு கிடையாது என்று சங்கத்துக்குச் சட்டம் எழுதினார். கள் குடித்து விலக்கப்பட்ட ஜான்ரோஸ் பனையிலிருந்து விழுந்து செத்தபோது அந்தச் சட்டத்தைக் காட்டினார். போன வருஷம் லீலாபாய் இந்துப் பையன் ஐயப்பனோடு போய்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அவளை விலக்கச் சபையில் முதல் கை தூக்கியதும் அவர்தான்.

பாஸ்டர் இரக்கப்பட்டார். "குழி கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தாறேன். பாண்டு உம்ம சங்கத்துக் காரியம்."

யேசுரத்தினம் கார்னெட் ஊதும் செல்வதாஸைத் தேடிப் போனார். ஜான்ரோஸின் அண்ணன் அவன். பனையடியில் உட்கார்ந்து பாளை அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

"மக்கா, நாலு மணிக்கு அடக்கம்."

"அறிஞ்சேன் அண்ணே."

"நீ ஊதினா மத்தவனுவளும் வருவானுவ. எல்லாவனும் உன் மொகத்தத்தான் பாக்கானுவ."

செல்வதாஸ் அரிவாளைக் கீழே வைத்தான். "எந் தம்பி செத்தப்பம் என்ன சொன்னீரு? ஓர்மை உண்டா?"

செல்வதாஸ் எழுந்து நின்றான்.

"சுளிஞ்ச பலகையச் சேத்தா மொத்தச் சாமானும் கோணும்னு சொன்னீரு. ஒரு பாட்டு ஊதுங்கலேன்னு எங்கம்மை வீட்டு முத்தத்துல கெடந்து உருண்டா. நீரு டிரம்முக்கு உறை போட்டுட்டுப் போனீரு. பெரிய இஞ்சினீரு!"

"தப்புதாம்ல. அந்தச் சட்டத்த இப்பமே கிழிச்சிப் போடுதேன்."

"கிழிப்பீரு. இப்பம் செத்தது உம்ம சொந்தப் பிள்ளையாச்சே." அவன் குரல் இறங்கியது. "லீலா மேல எனக்கு என்ன கோவம்? ஆனா இன்னைக்கி நான் ஊதினா, ஜான்ரோசு மட்டும் என்னத்துக்குல பாட்டில்லாம ஊமையாக் குழிக்குப் போனான்னு எங்கம்மை கேப்பா. நான் என்ன சொல்ல? நீரே சொல்லித் தாரும்."

யேசுரத்தினம் திரும்பி நடந்தார்.

நாலு மணிக்கு ஏழு பேரும் வந்தார்கள், வெறுங்கையோடு. பெட்டியின் முன்பக்கத்தைச் செல்வதாஸ் தோளில் வாங்கினான். தூறலில் செம்மண் வழுக்கியது. மூச்சிரைப்பும் காலடியும் தவிர வழிநெடுகச் சத்தமில்லை. பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். பெட்டி இறங்கியது.

ஐயப்பன் குழிக்குச் சற்றுத் தள்ளி, ஈர வேட்டியோடு நின்றான். ஒரு வருஷத்தில் மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"மாமா, உங்க பாண்டப் பத்தி நாளும் சொல்லுவா. நான் காதால கேட்டதே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எப்பம் தொடங்குவாவ?"

யேசுரத்தினம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அதைப் போடவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை.